'லூசிங் இட்': பெயர் தெரியும் முன்பே ஊரறிந்த ஒரு ட்ராக்

2018 ஜூலை 13 அன்று ஃபிஷர் என்ற ஆஸ்திரேலிய டிஜே 'லூசிங் இட்' என்ற ட்ராக்கை வெளியிட்டார். டெக் ஹவுஸ் என்ற கிளப் நடன இசை வகையைச் சேர்ந்தது அது. வெளியீடு என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே அது அவருடைய செட்களில், அதாவது மேடையில் அவர் தொடர்ச்சியாக வாசிக்கும் இசை நிகழ்ச்சிகளில், ஒலித்துக்கொண்டிருந்தது. ஆடியவர்கள் கைப்பேசியில் பிடித்த துண்டுக் காட்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. 'இது என்ன பாட்டு?' என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அது விற்பனைக்கு வந்த நாளில், தேடி அலைந்தவர்களுக்குத் தொலைந்த பொருள் திரும்பக் கிடைத்தது போலத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஏழு மாதங்களுக்குள் அது கிராமி விருதுக்குப் பரிந்துரை பெற்றது. ஆஸ்திரேலிய வானொலி ஒன்றின் நேயர்கள் அதை அந்த ஆண்டின் இரண்டாவது சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனைக்கும் அதில் சரணம் இல்லை, பல்லவி என்று சொல்லத் தக்கது இல்லை, கதை இல்லை. இருப்பது ஒரு சின்ன வாக்கியம், கரகரத்த குரலில் உறுமும் ஒரு சிந்த் ரிஃப் (சிந்தசைசரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு), அடியில் நிற்காமல் இடிக்கும் கிக் டிரம். இதைப் பாட்டாக எடைபோட்டால் தராசு அசையாது. கருவியாக எடைபோட்டால் கதை வேறு. இரவு ஒரு மணிக்கு, ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில், ஒரே ஒரு நொடியை உண்டாக்குவதற்கென்று செய்த கருவி அது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அது வெளிவந்த முறைக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

அலையில் நின்ற ஆள்

ஃபிஷரின் முழுப்பெயர் பால் நிக்கோலஸ் ஃபிஷர். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் பகுதியைச் சேர்ந்தவர். இசைக்கு வரும் முன் தொழில்முறை அலைச்சறுக்கு வீரர். உலகச் சுற்றுக்குத் தகுதிபெறும் போட்டித் தொடர்களில் ஊர் ஊராகப் போனவர். அந்தப் பயணங்களுக்கு நடுவில்தான் டிஜே வேலை ஒட்டிக்கொண்டது. இன்னொரு அலைச்சறுக்கு வீரரான லீ செட்லியோடு சேர்ந்து 'கட் ஸ்னேக்' என்ற இரட்டையராக முதலில் அறியப்பட்டார். பிறகு தனியாக வந்து, 2017-இல் 'யா கிட்டிங்', 'ஸ்டாப் இட்' ஆகிய ட்ராக்குகளை டர்ட்டிபேர்ட் என்ற லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளாட் வான்ஸ்ட்ரோக் தொடங்கிய லேபிள் டர்ட்டிபேர்ட். கோல்டன் கேட் பூங்காவில் இலவசமாக நடத்திய பகல்நேர ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது. தடித்த பேஸ் (தாழ்ந்த அடித்தள ஒலி), கோணங்கித்தனமான குரல் துண்டுகள், கொஞ்சம் குறும்பு: இதுதான் அதன் முத்திரை. முகத்தை இறுக்கிக்கொண்டு இசை கேட்கிறவர்களுக்கு அந்த வீடு ஒத்துவராது. மேடையில் துள்ளிக் குதித்து, கத்தி, கோமாளித்தனம் செய்யும் ஃபிஷருக்கு அது பொருத்தமான நுழைவாயில். 'லூசிங் இட்' வந்ததோ டர்ட்டிபேர்டில் இல்லை. அவருடைய சொந்த லேபிளான 'கேட்ச் அண்ட் ரிலீஸ்' வழியாக வந்தது. மீன் பிடிப்பவர் என்று பொருள்படும் பெயர் கொண்டவர், பிடித்துத் திரும்ப நீரில் விடுவது என்று லேபிளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். இந்த ஆளின் நகைச்சுவை இந்த உயரத்தில்தான் இருக்கும், அதைத் தாண்டி எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு சின்ன ஒற்றுமை. அலைச்சறுக்கு வீரர்கள், அடுத்தடுத்து வரும் பெரிய அலைக்கூட்டத்தை 'செட்' என்கிறார்கள். டிஜே ஓர் இரவில் வாசிப்பதும் 'செட்'தான். இரண்டிலும் பெரும்பகுதி நேரம் காத்திருப்பதில் போகிறது.

இருட்டறையில் பிறந்த இசை

டெக் ஹவுஸ் என்றால் சிகாகோவின் ஹவுஸுக்கும் டெட்ராய்ட்டின் டெக்னோவுக்கும் பிறந்த பிள்ளை. துள்ளலும் குழைவும் முதலாவதிடமிருந்து வந்தவை. இயந்திரத்தன்மையும் சொற்சிக்கனமும் இரண்டாவதிடமிருந்து. வளர்ந்த ஊர் 1990-களின் லண்டன். டெரி ஃபிரான்சிஸ், நேதன் கோல்ஸ் நடத்திய 'விகிள்' இரவுகள், எடி ரிச்சர்ட்ஸின் செட்கள், மிஸ்டர் சி-யும் லேயோ பாஸ்கினும் 1995 டிசம்பரில் திறந்த 'தி எண்ட்' கிளப் ஆகியவை அதன் தொட்டில்கள். மிஸ்டர் சி அதற்கு முன் 'தி ஷேமன்' குழுவில் பாடி, பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்தைத் தொட்டவர். தரவரிசைப் புகழைப் பார்த்துவிட்ட ஒருவர் இருட்டறைக்குள் திரும்பி வந்து வளர்த்த இசை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கால டெக் ஹவுஸில் எதுவும் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்காது. ஒரு ட்ராக் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் மணிக்கணக்கில் ஓடும். ஹை-ஹாட் தாளத்தட்டு ஒன்று மெல்ல நுழையும், பேஸ்லைனில் ஒரு சுரம் இடம் மாறும்; ஆடுகிறவரின் உடம்பு அதைக் கவனிக்கும், மனம் கவனிக்காது. தனித்து நினைவில் நிற்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. அந்த வகையின் பெயரை மிகப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோன ட்ராக்கோ, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே துண்டைத் தலையில் ஆணியடிக்கிறது. லண்டன் காலத்து ரசிகர்களில் சிலர் இதை டெக் ஹவுஸ் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் பெயர் மக்கள் வாயில் ஒட்டிவிட்ட பிறகு இலக்கணம் பேசிப் பயனில்லை.

கருவியின் உள்ளே

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த இசையில் கணக்குத் தெரியாமல் எதுவும் புரியாது. 'லூசிங் இட்' நிமிடத்துக்கு 125 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓடுகிறது. அப்படியானால் ஓர் அடிக்கு 0.48 நொடி. நான்கு அடி கொண்ட ஒரு பார் 1.92 நொடி. எட்டு பார்கள் 15.36 நொடி, பதினாறு பார்கள் அரை நிமிடத்துக்குச் சற்றே மேல். கிளப் இசை கிட்டத்தட்ட முழுவதும் இந்த எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற பெட்டிகளால் கட்டப்பட்டது. ஒரு மாற்றம் வருகிறது என்றால் அது பெட்டியின் விளிம்பில்தான் வரும். ஆடுகிறவர் எண்ணுவதில்லை, ஒரு மணி நேரம் ஆடிய பிறகு கால் தானாகவே எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைதான் டிஜேயின் கையில் இருக்கும் கயிறு.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும் இடத்தில் கோர்வை மூன்றாம் முறையாகச் சுழன்று எடுப்பில் வந்து விழும்போது அரங்கம் கைதட்டுகிறதே, அந்த எதிர்பார்ப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி இது. கோர்வையில் கணக்கு சிக்கலானது, வாய்விட்டுப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் சுவை முழுதாகக் கிடைக்கும். இங்கே கணக்கை வேண்டுமென்றே குழந்தைக்கும் புரியும்படி வைத்திருக்கிறார்கள். குடித்திருப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

இனி அந்த வாக்கியம். ஆண் குரலில் வரும் 'ஐ'ம் லூசிங் இட்' என்பதற்குக் 'கட்டுப்பாட்டை இழக்கிறேன், பித்துப் பிடிக்கிறது' என்று பொருள் கொள்ளலாம். வேறு வரி இல்லை. இந்தத் தேர்வு சாமர்த்தியமானது. டிராப், அதாவது அடங்கிய இசை மொத்தமாகத் திரும்பி வந்து விழும் கணம், வரப்போகிறது என்று தெரிந்து நிற்கும் ஒருவரின் மனநிலையை அந்த மூன்று சொற்கள் அப்படியே சொல்கின்றன. பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால், பாட்டு அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன செய்கிறதோ அதைப் பற்றியது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரும் கூடச் சேர்ந்து கத்தலாம். முதல் முறை கேட்பவர் நான்காம் முறை அது வரும்போது பாட்டு முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டவர் ஆகிவிடுகிறார்.

அடுத்து, பேஸ். இதுதான் உண்மையான வித்தை. கேட்பவர்கள் அநேகமாகக் கவனிக்காததும் இதுவே. கிளப் ஒலிபெருக்கியில் கிக்கும் பேஸும் காதுக்கு முன் மார்புக்கூட்டைத் தொடுகின்றன. பத்து நிமிடம் அந்த அழுத்தத்தில் நின்றவருக்கு அது இருப்பதே மறந்துபோகிறது, வீட்டு மின்விசிறியின் சத்தம் போல. பிரேக்டவுன் என்ற அடங்கிய பகுதி வரும்போது தயாரிப்பாளர் அந்த அடிப்பகுதியை உருவிவிடுகிறார். கிக் நிற்கிறது, அல்லது ஃபில்டர் வழியாக அதன் கனம் வடிக்கப்படுகிறது. குரல் மட்டும் மேலே மிதக்கிறது. இரைச்சல் ஒன்று படிப்படியாக ஏறுகிறது, ஸ்னேர் டிரம் அடிகள் நெருங்குகின்றன. மேலே ஒலி கூடிக்கொண்டே போக, கீழே தரை இல்லை. உடம்புக்கு அந்த இழப்பு தெரிகிறது, என்ன இழந்தோம் என்று தெரியவில்லை. பெட்டி முடியும் விளிம்பில் ஒரு கணம் வெட்டு. பிறகு கிக், பேஸ், அந்த உறுமும் ரிஃப், எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. புதிதாகச் சேர்ந்தது ரிஃப் ஒன்றுதான். மற்றவை முன்பு நம்மிடம் இருந்து பறிக்கப்பட்டவை. பறித்ததைத் திருப்பிக் கொடுத்து நன்றி வாங்கும் வேலை இது.

எல்லா டெக் ஹவுஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது என்று கேட்கலாம். ஆம். 'லூசிங் இட்'டில் வேறுபாடு அந்த ரிஃபின் இடத்தில் இருக்கிறது. பழைய வழக்கப்படி டிராப்பில் நாயகன் பேஸ்லைன். அது மந்தர ஸ்தாயியில், தரைக்கு அருகில் நடக்கும். இங்கே நாயகன் நடுத்தர ஸ்தாயியில், காதுக்கு நேராக வருகிறான். கரகரப்பு ஏற்றிய, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஒலி. இரண்டு தரம் கேட்டால் வாயால் முனகிக் காட்டிவிடலாம். பெரும் விழா மேடைகளில் அடித்த மின்னணு நடன இசையின் பழக்கம் இது. ஹவுஸின் வேகத்தையும் துள்ளலையும் வைத்துக்கொண்டு, மேடை இசையின் முழக்கத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார். சிறிய அறையிலும் வேலை செய்யும், திறந்த மைதானத்திலும் வேலை செய்யும் என்றால் அதற்கு இந்தக் கடன்தான் காரணம்.

குறையும் சொல்ல வேண்டும். ரிஃப் ஒருமுறை வந்து விழுந்த பிறகு ட்ராக்கிடம் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. இரண்டாம் முறை பிரேக்டவுன், இரண்டாம் முறை அதே ரிஃப், அதே வாக்கியம். லண்டன்காரர்கள் ஓர் ஒலியை ஆறு நிமிடம் வைத்துக்கொண்டு அதற்குள் இருபது நுண்ணிய மாற்றங்கள் செய்வார்கள். இங்கே அந்தப் பொறுமை இல்லை. இயர்போனில் பஸ் பயணத்தில் கேட்டபோது எனக்கு இரண்டாம் பாதியில் சலிப்புத் தட்டியது. சுத்தியலை நூலகத்தில் வைத்துப் பார்த்த கதை என்று அதை ஒதுக்கிவிடலாம்தான். இருந்தாலும், வீட்டிலும் கேட்கத் தகும் கிளப் ட்ராக்குகள் உலகில் உண்டு. இது அந்த வகை இல்லை.

முதலில் கூட்டம், பிறகு கடை

வழக்கமான வரிசை என்ன? பாட்டு முடிகிறது, லேபிள் தேதி குறிக்கிறது, சில வாரங்கள் முன்னதாகத் தெரிந்த டிஜேக்களுக்குப் பிரதி போகிறது, விற்பனை தொடங்குகிறது, கூட்டம் கேட்கிறது. 'லூசிங் இட்'டில் கூட்டம் முன்னே வந்துவிட்டது. பாட்டைச் செய்தவரே டிஜே என்பதால், ஒவ்வொரு செட்டும் ஒரு சோதனைக்கூடம். எங்கே கை உயர்கிறது, எங்கே உயரவில்லை என்று மேடையிலிருந்தே பார்க்கலாம். ஊர் திரும்பித் திருத்தலாம். ஸ்டூடியோவில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்த வசதி கிடையாது.

வெளியாகாத ட்ராக்குக்குக் கிளப் உலகில் ஒரு பெயர் உண்டு: ஐடி. அடையாளம் தெரியாதது என்பதால் அடையாளம் என்ற சொல்லின் சுருக்கத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செட்களின் ட்ராக் பட்டியலை ரசிகர்கள் உட்கார்ந்து எழுதும்போது, தெரியாத இடத்தில் 'ஐடி - ஐடி' என்று போடுவார்கள். ஒலியைக் கேட்டுப் பாட்டின் பெயர் சொல்லும் ஷஜாம் செயலியைத் திறந்து காட்டினால் பதில் வராது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவான பிரதியே அதனிடம் இல்லை. பதில் வராத பாட்டுக்கு மதிப்பு ஏறுகிறது. பழக்கம் புதிதும் அல்ல; பெரிய ஒலிபெருக்கிகளோடு ஆட்டம் நடத்தும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள், ஒரே ஒரு பிரதி மட்டும் வெட்டிய இசைத்தட்டான டப்பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியை மண்கவ்வச் செய்த காலத்திலிருந்து வருவது. அவர்கள் பாட்டை ஒளித்துவைத்துப் போட்டியில் வென்றார்கள். ஃபிஷரின் காலத்தில் அரைகுறையாக ஒளித்தாலே போதும். கூட்டத்தின் கைப்பேசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கைப்பேசி விஷயத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2018-இல் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியின் ஒரு துண்டு 15 நொடி. 125 அடி வேகத்தில் எட்டு பார்கள் 15.36 நொடி. அதாவது ஒரு ஸ்டோரி, இசையின் ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்த சட்டை. திட்டமிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த வேகத்தில் ஓடும் எல்லா ட்ராக்குக்கும் இது பொருந்தும். ஆனால் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மந்தர ஸ்தாயி கேட்காது. பேஸ்லைனை நம்பிய ட்ராக் அந்தப் பதினைந்து நொடியில் வெறும் தகரச் சத்தமாகிவிடும். நடுத்தர ஸ்தாயியில் உட்கார்ந்த ரிஃப் தப்பிப் பிழைக்கும், கூட்டம் கத்தும் வாக்கியமும் தப்பிப் பிழைக்கும். 'லூசிங் இட்'டின் இரண்டு சொத்துகளும் மோசமான பதிவில்கூடச் சேதமடையாதவை. மற்ற ஐடிகள் வதந்தியாகப் பரவின, இது பாட்டாகவே பரவியது என்றால் காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை நடுவில் வெளியிட்டதும் நல்ல நேரம். ஐரோப்பாவில் கோடை விழாக்களும் ஸ்பெயினின் இபிசா தீவில் கிளப் பருவமும் உச்சத்தில் இருக்கும் மாதம் அது. எல்லா டிஜேக்களின் கையிலும் ஒரே வாரத்தில் பிரதி வந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை ஊகிக்கச் சிரமமில்லை: ஒரே விழாவில் மதியம் வாசித்தவரும் வைத்தார், மாலையில் வந்தவரும் வைத்தார். பெரிய ஆயுதம் எல்லோருக்கும் கிடைத்தால் வரும் சங்கடம் இது. இரவின் முதல் டிஜே, கூட்டம் இன்னும் சூடேறாத நேரத்தில், இப்படிப்பட்ட ட்ராக்கை வைப்பது தொழில் மரியாதைக்கு விரோதம். அடுத்து வருகிறவரின் சோற்றில் மண் போடுவது. அந்த மரியாதையை எல்லோரும் காப்பதில்லை.

பட்டியல்களும் விருதும்

2019 ஜனவரி 27 அன்று ஆஸ்திரேலியாவின் டிரிப்பிள் ஜே வானொலி, 2018-ஆம் ஆண்டுக்கான 'ஹாட்டஸ்ட் 100' பட்டியலை ஒலிபரப்பியது. நேயர்களின் வாக்குகளால் மட்டுமே தீர்மானிக்கப்படும் பட்டியல். 'லூசிங் இட்' இரண்டாம் இடம். முதலிடம் ஓஷன் ஆலி குழுவின் 'கான்ஃபிடன்ஸ்' பாட்டுக்கு. சாவகாசமாக ஊர்ந்துபோகும் கித்தார் பாட்டுக்கு அடுத்தபடியாக, ஒரே ஒரு வாக்கியம் மட்டும் கொண்ட ஒரு கிளப் ட்ராக். நாட்டுப்பற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம், 'நம்ம ஊர்ப் பையன்' என்ற வாஞ்சை எங்கும் வாக்கு சேர்க்கும். ஆனால் பகல் நேரத்தில், கடற்கரையிலும் வீட்டு முற்றத்திலும் வானொலி கேட்கும் மக்கள் அந்த வாக்குகளைப் போட்டவர்கள். கிளப் வாசலையே மிதிக்காத பலருக்கும் இது போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அடுத்த மாதம், பிப்ரவரி 10 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் 61-ஆவது கிராமி விழா. சிறந்த நடனப் பதிவுக்கான பரிந்துரையில் ஐந்து பேர்: அபவ் அண்ட் பியாண்ட், டிஸ்க்ளோஷர், ஃபிஷர், சில்க் சிட்டியும் துவா லிபாவும், விர்ச்சுவல் செல்ஃப். வென்றது சில்க் சிட்டி-துவா லிபாவின் 'எலெக்ட்ரிசிட்டி'. மார்க் ரான்சனும் டிப்ளோவும் சேர்ந்த இரட்டையர், கூடவே அந்த ஆண்டின் பெரிய பாடகி. பியானோ, பல்லவி, எல்லாம் உண்டு. தோற்றதில் வியப்பு இல்லை. கிராமி வாக்காளர் பாட்டைக் கேட்டுத் தீர்மானிக்கிறார், பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டு. உட்கார்ந்து கேட்டால் என்ன ஆகும் என்று மேலே பஸ் பயணத்தில் சொன்னேன். அந்த விருதைத் தயாரிப்பாளரோடு மிக்ஸிங் செய்தவருக்கும் சேர்த்தே தருகிறார்கள் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. இத்தகைய ட்ராக்கில் கிக்குக்கும் பேஸுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது, கிக் விழும் கணத்தில் மற்ற ஒலிகளை எவ்வளவு அமுக்கிப் பின்வாங்க வைப்பது என்பதெல்லாம் இசையமைப்பின் பாதி.

நகல்களின் காலம்

வென்ற கருவியைப் பார்த்துப் பட்டறைகள் சும்மா இருக்குமா? அடுத்த சில ஆண்டுகளில் ஒரு வாக்கியம், ஒரு கரகர ரிஃப், ஒரு வெட்டு என்ற அச்சில் வார்த்த ட்ராக்குகள் குவிந்தன. குரல் துண்டை எதிலிருந்தாவது எடுத்தார்கள்: பழைய ஹிப்-ஹாப், தொலைக்காட்சி, வீட்டுக் கேலிப்பேச்சு. டெக் ஹவுஸ் என்றாலே கேலி செய்கிறவர்கள் கேலி செய்வது இந்த நகல்களைத்தான். மூலத்தில் இருந்த ஒன்றை நகல்கள் தவறவிட்டன: வாக்கியத்துக்கும் கணத்துக்கும் இருந்த பொருத்தம். 'பித்துப் பிடிக்கிறது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது சொல்லப்பட்டது. பீட்சாவைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ ஒரு வரியை அந்த இடத்தில் ஒட்டவைத்தால் கூட்டம் சிரிக்கும், கட்டிழக்காது.

ஃபிஷருக்கே அது சுமையாயிற்று என்று நினைக்கத் தோன்றுகிறது. 2019-இல் வந்த 'யூ லிட்டில் பியூட்டி'யில் ஒரு பெண் குரலைத் தூக்கிப் பிடித்து, ஹவுஸின் பழைய உற்சாகத்துக்குத் திரும்பினார். 2023-இல் கிட்டா அலெக்சாண்டரோடு செய்த 'அட்மாஸ்ஃபியர்' முழுக்கப் பாடகியின் பாட்டு. உறுமும் ரிஃபை அவர் திரும்பத் திரும்ப விற்றிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதை நகல்காரர்களுக்கு விட்டுவிட்டார்.

டிஜேக்களுக்கென்று தயாரிக்கும் பிரதிகளில் வழக்கமாகத் தொடக்கத்திலும் முடிவிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெறும் தாளம் மட்டும் இருக்கும். முதலாவது முந்தைய ட்ராக்கோடு கோப்பதற்கு, இரண்டாவது அடுத்ததோடு கோப்பதற்கு. 'லூசிங் இட்' வைத்த பிறகு அந்த இரண்டாவது பகுதியில்தான் டிஜேக்கு வியர்க்கும். கை உயர்த்தியவர்கள் கையை இறக்கிவிட்டார்கள், பாதிப் பேர் பிடித்த காட்சியை அனுப்பக் குனிந்துவிட்டார்கள், தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, பதினாறு பார்களுக்குள் வேறொரு ட்ராக் உள்ளே வந்தாக வேண்டும்.